ஏழாம் நோட்டு

“வக்கீலம்மா, நான் ஒங்க வீட்டுல உக்காந்து வாயால சொன்னது எங் கொழுந்தன் கையில தாளா எப்படிப் போச்சு?” இதுதான் நேற்று வந்த சுடலைவடிவு கேட்டது, நான் ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை, மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன், காதில் விழுகிறதா இல்லையா என்று நான் கேட்டுக்கொண்டிருக்க, இவர் ரசத்தை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டு, “சத்தம் போட்டுக் கேட்டாளா, மெதுவாக் கேட்டாளா?” என்றார். வக்கீல் புத்தி சோற்றுத் தட்டின் முன்னாலும் போகாது. மெதுவாகத்தான் கேட்டாள். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன், அதை எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, தென்காசியில் எங்கள் தெருவுக்கு சிலிண்டர் கொண்டுவருகிறவரைக் கேட்டால் சொல்வார். மெதுவாகக் கேட்கிறவளை என்ன செய்வது. “அந்தம்மா வேலை முடிஞ்சு ஆறு வருஷமாச்சு உலகு. பட்டா மாத்திக் கொடுத்தேன், போயிட்டா. இப்ப அவ என் கட்சிக்காரி இல்ல.” ஆள் உங்கள் ஆள் இல்லை, அவள் சொன்னது மட்டும் உங்கள் சொத்தா என்றேன். “நான் என்ன பொய்யா சொன்னேன், உள்ளதைத்தானே சொன்னேன்” என்று அப்பளத்தை நொறுக்கினார். கை கழுவி வந்தவர் மேஜையைத் துடைக்கக்கூட விடாமல் ஒரு புது நோட்டையும் பக்கத்தில் பழைய ஏழாம் நோட்டையும் வைத்தார். “திங்கட்கிழமைக்குள்ள இதை அப்படியே அதுல எழுதிரு. அந்தம்மாவோட ரெண்டு பக்கம் மட்டும் வேண்டாம். பழசு சாரல் தண்ணி பட்டுக் கெட்டுப்போச்சுன்னு சொல்லிக்கலாம்.” சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். ஃபேன் சத்தம் கேட்கிறது. மணி இரண்டு.

எழுதுவது எனக்குப் புதிது இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் குமாஸ்தா வேலையை விட்டுப் போனபோது, இவர் கையெழுத்தை இவராலேயே மறுநாள் படிக்க முடியாது, கோழி கிளறினது போல இருக்கும், அதனால் கட்சிக்காரர்கள் வந்து சொல்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுத ஆரம்பித்தேன். நாற்பது பக்க லாங் சைஸ் நோட்டு, பழுப்பு அட்டை, மேலே எண், உள்ளே பெயர், ஊர், என்ன தகராறு, அவர்கள் வாயால் சொன்னது சொன்னபடி. இப்போது பத்தொன்பதாவது நோட்டு ஓடுகிறது. எந்த ஊர்க்காரர் எந்த நோட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்பது எனக்குத் தலைகீழாகத் தெரியும், அதில் ஒரு கர்வம்கூட உண்டு, வேறு எதில் கர்வப்பட்டுக்கொள்ள இந்த வீட்டில் எனக்கு இடம் விட்டார்கள். முதல் பக்கம், இலஞ்சிக்காரர், பக்கத்து வீட்டுத் தென்னை மட்டை தன் ஓட்டில் விழுகிறது, பதினாறு ஓடு உடைந்தது. எழுதுகிறேன். என் எழுத்து அச்சடித்தது போல விழுகிறது, முப்பத்தைந்து வருஷமாக அதே சாய்வு, அதே உருண்டை. பாளையங்கோட்டைக் கான்வெண்டில் இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்றால் ஒரு வாரம் முன்னாலிருந்து எல்லாரும் புது நோட்டில் எழுதுவோம், சிவப்பு மைத் திருத்தம் இருக்கக் கூடாது, அடித்தல் இருக்கக் கூடாது, வருஷம் முழுக்க நாங்கள் தப்பே செய்யாத பிள்ளைகள் என்று அந்த அதிகாரி நம்பிக்கொண்டு போக வேண்டும். சிஸ்டர் பெனடிக்டா வகுப்பில் அங்குமிங்கும் நடப்பார், அங்கி சரசரக்கும். நான் என்னுடையதை முடித்துவிட்டு இன்னும் மூன்று பேருக்கு எழுதிக் கொடுத்தேன், அதற்காக எனக்கு மாதா படம் போட்ட அட்டை கிடைத்தது. சிவப்பு மை இருந்த பழைய நோட்டுகள் எங்கே போயின. நினைத்துப் பார்த்ததே இல்லை, இப்போது அவை எங்கோ ஒரு அறையில் அடுக்காக இருக்கின்றன என்று தோன்றுகிறது, ஜன்னல் இல்லாத அறை, யாரோ ஒருத்தி ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருக்கிறாள், அவசரமே இல்லாமல். ஓடு பதினாறா பதினெட்டா. பதினாறு. பக்கம் திருப்பு.

காற்று. ஆனி மாதத்துச் சாரல் காற்று கதவைத் தள்ளுகிறது, தள்ளிவிட்டு உள்ளே வராமல் நிற்கிறது, பிறகு மெதுவாக வந்து புது நோட்டின் வெற்றுப் பக்கங்களைத் தூக்கிப் பார்க்கிறது. பக்கத்தின் மேல் ஓரத்தில் உப்பு ஜாடியும் கீழ் ஓரத்தில் டம்ளரும் வைத்தேன். மாடிக்குப் போனால் கிழக்கே காத்தாடிகள் தெரியும், தென்னைகளுக்கு அப்பால், வெள்ளையாக, ஒன்று சுற்றும், அதற்குப் பக்கத்தில் இருப்பது சும்மா நிற்கும், ஏன் அது மட்டும் நிற்கிறது என்று துணி காயப்போடும்போதெல்லாம் யோசிப்பேன். அழகாகத்தான் இருக்கிறது. நான் அதற்கு எதிரி இல்லை, காற்றில் கரண்டு எடுப்பதைக் குறை சொல்ல நான் யார், எனக்கு மிக்ஸி ஓட வேண்டும். இரண்டு வருஷமாக இவர் அந்தக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறார், காத்தாடி நடுகிற நிலத்துக்குப் பத்திரம் சரியாக இருக்கிறதா, யார் யார் கையெழுத்து வேண்டும் என்று பார்த்துச் சொல்கிற வேலை, லீகல் ஒப்பீனியன் என்று பெயர். கார் வந்தது, வாசலில் கிரில் வந்தது, எனக்கும் முட்டிவலிக்கு மதுரையில் நல்ல டாக்டர் வந்தார். இறக்கைகள் அவ்வளவு பெரியவை, அத்தனை மெதுவாகச் சுற்றுகின்றன, பார்த்துக்கொண்டே இருந்தால் சுற்றுவது அவை இல்லை, வானம்தான் என்று ஆகிவிடும், நாமும் கொஞ்சம் சரிந்து, கையில் ஈரப் புடவையோடு. கண்ணைச் சொக்குகிறது. மூன்றாம் பக்கம். நாலாம் பக்கம். செங்கோட்டை மாவுமில் பங்காளிச் சண்டை.

சுடலைவடிவு முதன்முதலில் வந்தது இதே போல ஒரு காற்று நாளில்தான். புருஷன் இசக்கி செத்து மூன்று மாதம், ஊர் பாறைக்குளம், நாலு ஏக்கர் கரிசல், நடுவில் ஒரு கிணறு, வற்றாத கிணறு, அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகம் விரிந்தது. பட்டாவைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று வந்தாள். இவர் கோர்ட்டிலிருந்து வரவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து காபி டம்ளரைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள், வைத்தால் வட்டம் விழும் என்று பயந்தவள் போல. பிறகு தானாகவே சொன்னாள். அண்ணன் தம்பி இரண்டு பேர், புருஷன் மூத்தவர், தம்பிக்காரன் தன் பங்குக்குப் பணத்தை வாங்கிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டான், பாகப்பிரிவினை எழுதுகிற அன்றைக்கு வருகிறேன் என்றவன் வரவில்லை. “தாளு வாங்கியாச்சு, எழுதுறவரு வந்தாச்சு. இவுக என்ன செஞ்சாக, தம்பி கையெழுத்தையும் இவுகளே போட்டுட்டாக. ஏமாத்தணும்னு இல்லம்மா. அவன் வந்தா போடத்தானே போறான்னு போட்டாக.” என் பேனா ஓடிக்கொண்டிருந்தது. அவள் பேனாவைப் பார்த்தாள். “இதையும் எழுதுதீகளாம்மா?” நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “எழுதினாத்தான் சாருக்கு மறக்காது. இது இந்த வீட்டை விட்டு வெளிய போகாது, நீ சொல்லு.” எவ்வளவு சுலபமாகச் சொன்னேன், உப்புப் பார்த்துச் சொல்வது போல. இவர் வந்து கேட்டுவிட்டு, “வாயை மூடிக்கிட்டு உழுது சாப்பிடு. அந்தத் தாளு எழுதிப் பன்னெண்டு வருஷம் முடியட்டும், அதுக்கப்புறம் உன் கொழுந்தன் வந்தாலும் பிடி இல்லாமப் போயிரும். அதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாத” என்றார். நல்ல யோசனைதான் சொன்னார், அன்றைக்கு அவர் அவளுடைய வக்கீல். அவள் மூச்சு விடவில்லை. பெற்ற மகளிடம்கூடச் சொல்லவில்லையாம். அந்த ரகசியம் வெளியே போனபோது பன்னிரண்டுக்கு இன்னும் எட்டு மாதம்தான் பாக்கி இருந்தது.

ஆறாம் பக்கத்தில் ஒரு அடித்தல். நான் அடிப்பதே இல்லை. ஏழாம் நோட்டு, பதினோராம் பக்கம், அதைச் சொன்னது என் வாய். இதைத்தான் நான் சுற்றிச் சுற்றி வருகிறேன், இதன் பக்கத்தில் வந்ததும் மனசு மாவுமில்லுக்கும் மாதா படத்துக்கும் ஓடிவிடுகிறது. கம்பெனியின் நில அதிகாரி நிரஞ்சன் முன்னறையில் உட்கார்ந்திருந்தார், நல்ல பையன்தான், முறுக்கை உடைக்கும்போது கூடத் துகள் விழாமல் கையை ஏந்திக்கொள்வார். பாறைக்குளம் மேட்டில்தான் காற்று நன்றாக வருகிறதாம், அந்த அம்மா எழுதித்தர மாட்டேன் என்கிறாளாம், கிரேன் வருகிற பாதைக்குக் கிணற்றை மூடச் சொன்னோம், அதிலிருந்து பேசவே மறுக்கிறாள், வேறு ஏதாவது வழி இருக்கிறதா சார். நான் அடுக்களையில் இருந்தேன், எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. பிறகு இவர் குரல்: “உலகு, அந்தப் பாறைக்குளம் பொம்பளை வந்து சொன்னது எதுல இருக்கு?” ஏன் என்று கேட்டிருக்கலாம். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, எதற்கு என்று கேட்டிருக்கலாம். எதற்கெல்லாமோ ஏன் என்று கேட்கிற வாய் இது, கத்திரிக்காய்க்காரியிடம் கேட்கும், பேங்க் மேனேஜரிடம் கேட்கும். “ஏழாம் நோட்டு, பதினோராம் பக்கம்” என்றேன், திரும்பிக்கூடப் பார்க்காமல், ஜாரணிக் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு. “மேடம் கம்ப்யூட்டர் மாதிரி” என்றார் நிரஞ்சன். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று முழுக்க அந்தச் சிரிப்பு என் முகத்தில் இருந்தது. இவர் அந்த இரண்டு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து ஒப்பீனியனோடு வைத்துக் கொடுத்துவிட்டார், மேலிடத்தில் ஆதாரம் கேட்பார்கள் என்று, புதிதாக ஒரு தாளில் எழுதச் சோம்பல். கம்பெனி ஆட்கள் அதை எடுத்துக்கொண்டு திருப்பூருக்குப் போய்க் கொழுந்தனுக்குக் காட்டினார்கள், உன் கையெழுத்தை நீ போடவே இல்லை பார், உன் பாதி இன்னும் உன்னுடையதுதான். அவனுக்கே மறந்துபோயிருந்த பாதி. அவன் எழுதிக் கொடுத்துவிட்டான். நான் என்ன எண்ணெயில் என்ன பொரித்துக்கொண்டிருந்தேன். வடகமா. வடகம்தான்.

கண் மூடியிருக்கிறது போல, ஆனால் பேனா கையில் இருக்கிறது. முன்னறையில் ஆட்கள் வருகிற சத்தம். இலஞ்சிக்காரர் தோளில் துண்டோடு வந்து உட்காருகிறார், மாவுமில்காரர் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வருகிறார்கள், இரண்டு குடும்பம் வைத்திருந்த ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர், தம்பி தன் தென்னைக்கு வேரில் உப்புப் போடுகிறான் என்று அழுத பெரியவர், மருமகனுக்கு வலிப்பு இருப்பதை மறைத்துக் கல்யாணம் முடித்துவிட்டார்கள் என்று விரலை நெரித்துக்கொண்டு சொன்ன அம்மா, பத்தொன்பது நோட்டின் ஆட்களும் வருகிறார்கள், நாற்காலி போதவில்லை, சுவரோரமாக நிற்கிறார்கள், யாரும் கோபப்படவில்லை, ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கியவர்கள் போல அமைதியாக இருக்கிறார்கள். எங்க பக்கம் எங்கம்மா இருக்கு, சும்மா பாத்துட்டுப் போறோம். நான் எழுந்து போய் ஒவ்வொருவருக்கும் நம்பர் சொல்கிறேன், மூன்றாம் நோட்டு இருபது, பத்தாம் நோட்டு இரண்டு, தப்பே இல்லாமல் சொல்கிறேன், அவர்கள் தலையாட்டுகிறார்கள், வெளியே பெரிய இறக்கை ஒன்று ஜன்னலைக் கடந்து போகிறது, அறை இருட்டாகி வெளிச்சமாகிறது, மறுபடி இருட்டு, மறுபடி வெளிச்சம். விழித்தேன். பேனா முனை காகிதத்தில் அழுந்தி ஒரு நீலப் பொட்டு. கதவு அடித்துக்கொண்டிருக்கிறது. பயம் என்றால் இதுதான் போல. மணிக்கட்டில் இருக்கிறது. ஏனென்றால் இந்தக் கை நான் சொல்லாமலே எழுதும். பத்தாம் பக்கத்திலிருந்து அது நேராகப் பதிமூன்றாம் பக்கத்துக்குப் போய்விடும், வழியில் நின்று என்னைக் கேட்காது. நன்றாகப் பழக்கிய கை.

நேற்று அவள் வந்தபோது அதே நாற்காலியில் அதே நுனியில்தான் உட்கார்ந்தாள். எட்டாக மடித்த தாளை மணிபர்ஸிலிருந்து எடுத்து மடியில் நீவி விரித்தாள். “எங் கொழுந்தன் ஊரெல்லாம் காட்டுதான். நாலு ஏக்கர்ல பாதி அவனுக்காம், அதைக் கம்பெனிக்கு எழுதிட்டானாம். அடுத்த மாசம் கிணத்துல மண்ணு தள்ளுவாகளாம்.” நான் அந்தத் தாளைப் பார்க்காத மாதிரி ஜன்னலைப் பார்த்தேன். “யாரு எழுதுனதுன்னு எனக்குத் தெரியும்மா.” உனக்குப் படிக்கத் தெரியாதே வடிவு என்றேன், நான்தான் சொன்னேன், இப்படிக்கூட ஒருத்தி சொல்வாளா. அவள் வருத்தப்படவில்லை. “படிக்கத் தெரியாது. நீங்க எழுத எழுத நான் பாத்துக்கிட்டுத்தானே உக்காந்திருந்தேன். உங்க எழுத்து எனக்குத் தெரியும்.” என் எழுத்தை அவ்வளவு நேரம் யாரும் பார்த்தது இல்லை, இவர்கூடப் பார்த்ததில்லை, இவர் படிப்பார், அவ்வளவுதான். திருநெல்வேலியில் வேறு வக்கீலைப் பார்த்தாளாம். அவர் சொன்னாராம், இது நீ உன் வக்கீலிடம் நம்பிச் சொன்னது என்று ருசுவானால் இந்தத் தாளைக் கோர்ட்டில் நீட்டவே விடமாட்டேன், ஆனால் மூல நோட்டு வேண்டும், நோட்டில் இந்தப் பக்கம் இருக்க வேண்டும். இல்லையென்றால் இது யாரோ எழுதிய மொட்டைத் தாள், யார் வேண்டுமானாலும் ஆட்டிக் காட்டலாம். பிறகு அந்த வக்கீல் இன்னொன்றும் சொன்னாராம், அதை அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், “சார் மேல பார் கவுன்சிலுக்கு எழுதிப் போடணும்னாரு. எனக்கு அதெல்லாம் வேண்டாம்மா. எங் கிணறு இருந்தாப் போதும்.” சார் வரட்டும், கேட்கிறேன் என்றேன் நான். கான்வெண்டில் படித்து, இவ்வளவு வாய் வைத்துக்கொண்டு, நான் சொன்னது இது. காபி ஆறிப்போய் ஆடை கட்டியது, அவள் தொடவில்லை.

மணி மூன்றரை. பத்தாம் பக்கம் முடிகிறது, கடையநல்லூர் வாடகைத் தகராறு, கடைசி வரி, முற்றுப்புள்ளி. உள்ளே குறட்டை நின்றுவிட்டது. எப்போது நின்றது, நான் கவனிக்கவில்லை. பதினோராம் பக்கத்தைத் திருப்பினேன். என்ன அழகாக எழுதியிருக்கிறேன், பாவி. பெயர் சுடலைவடிவு, க/பெ இசக்கி, லேட். இவருடைய வக்கீல் சன்னது போய்விட்டால் என்ன செய்வோம், கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு இவர் வீட்டில் என்ன செய்வார், பேப்பரில் போடுவார்களா, மகள் புருஷன் வீட்டில் என்ன சொல்வார்கள், இதெல்லாம் வருகிறது, வராமல் இல்லை, வரிசையாக வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறது. இவர் கெட்டவர் இல்லை. யாருக்கும் ஒரு காகிதத்தைப் பொய்யாக எழுதிக் கொடுத்ததில்லை, அதுதான் இவருக்குப் பெருமை, உண்மையை யாரிடம் சொன்னாலும் உண்மைதானே என்று நிஜமாகவே நினைக்கிறார். ஒருத்தி நாற்காலி நுனியில் உட்கார்ந்து சொன்ன உண்மைக்கு ஒரு வீடு இருக்கிறது, அது அந்த வீட்டுக்குள் இருக்கும்வரைதான் அவளுடையது, இதை எந்தச் சட்டப் புத்தகம் இவருக்குச் சொல்லாமல் விட்டது. சொல்லியிருக்கும். முதல் வருஷப் பாடத்திலேயே இருந்திருக்கும். இரண்டு பக்கம்தான், தாண்டிப் போனால் ஒரு நிமிஷம், அடுத்தது ஆய்க்குடிக்காரர் மாட்டுத் தொழுவம், அதை எழுதிவிட்டு எழுந்து காபி போடலாம். கிணற்றில் மண் விழுகிற சத்தம் எப்படி இருக்கும். தண்ணீர் இருக்கிற கிணறு, முதலில் தண்ணீர் மேலே வரும், லாரி லாரியாகத் தள்ளத் தள்ள அது விளிம்பு வரை ஏறி வந்து பார்க்கும். பேனா நிற்கிறது. நிற்கட்டும், அதற்கு இன்றைக்குத்தான் நிற்கத் தெரிகிறது.

எழுதினேன். சுடலைவடிவு, க/பெ இசக்கி, லேட், பாறைக்குளம், அவள் சொன்னது சொன்னபடி, தாள் வாங்கியாச்சு எழுதுறவர் வந்தாச்சு, ஒரு வார்த்தை விடவில்லை, பதினொன்றும் பன்னிரண்டும் முழுசாக, அடித்தல் இல்லாமல். இப்போது இரண்டு நோட்டிலும் இருக்கிறது, எதைக் கிழித்தாலும் மற்றதில் இருக்கும், இரண்டையும் கிழிக்க வேண்டுமென்றால் என்னைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், இரவில் இரண்டும் என் புடவை பீரோவில் இருக்கும், சாவி என் இடுப்பில். பன்னிரண்டாம் பக்கத்தின் கீழே நாலு விரல் இடம் மிச்சம். அதிலும் எழுதினேன். மேற்படி இரண்டு பக்கங்களின் நகல் மேற்படியாள் சம்மதம் கேட்காமல் காற்றாலைக் கம்பெனிக்குக் கொடுக்கப்பட்டது. கொடுத்தவர் என் கணவர், வக்கீல் சங்கரலிங்கம். எந்த நோட்டு எந்தப் பக்கம் என்று சொன்னவள் உலகம்மை, இதை எழுதுகிற நான். கொடுத்த தேதி. அங்கே வந்து நின்றுவிட்டேன், வடகம் பொரித்த நாள் என்று எழுத முடியாதே, மாசி கடைசியா, பங்குனி பிறந்துவிட்டதா. தேதி இல்லாமல் எதையும் நான் எழுதி முடித்ததில்லை. உள்ளே கட்டில் லேசாக முனகியது, ஒருக்களித்துப் படுக்கிறார், சுவர்ப் பக்கமாகத் திரும்பி. முழித்துத்தான் இருக்கிறார். குரலை உயர்த்தவே இல்லை நான், எனக்கே ஆச்சரியமாக இருந்தது, மெதுவாகத்தான் கேட்டேன்.

“என்னங்க, அந்தத் தாளை நிரஞ்சன்கிட்ட என்னைக்குக் கொடுத்தீங்க? தேதி மட்டும் சொல்லுங்க, எழுதணும்.”